இந்தியாவின் ஒலிம்பிக் வரலாற்றைப் பள்ளிச் சுவரில் ஏற்றுவது எப்படி?

இந்த வழிகாட்டி 20 அடி நீளமும் 6 அடி உயரமும் கிடைக்கிற ஒரு பள்ளிச் சுவரை மனதில் வைத்து எழுதியது. மைதானத்தைப் பார்த்த காம்பவுண்ட் சுவர், வகுப்பறைக் கட்டடத்தின் பக்கச்சுவர் இரண்டுமே இதற்குப் பொருந்தும். முன்னாள் மாணவர்கள், ஊர்க் கபடிக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். பெயிண்ட் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். என்ன எழுதுவது என்று முடிவுசெய்து சரிபார்க்கிற வேலைக்குத்தான் ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டும். பாடப்புத்தகத்துத் தப்பை அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார்கள். சுவரில் எழுதிய தப்பைப் பத்து வருடத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள்.

போட்டிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஊரில் யாரிடம் கேட்டாலும் "நம்ம பையன் காமன்வெல்த்துல தங்கம் வாங்கினானுங்க" என்று ஒரு பெயர் சொல்வார்கள். அது காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியா, காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பா என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதலாவது நான்கு வருடத்துக்கு ஒருமுறை பல விளையாட்டுகள் சேர்ந்து நடப்பது. இரண்டாவது பளுதூக்குதல், மல்யுத்தம் என்று ஒரே விளையாட்டுக்கு அந்தந்தக் கூட்டமைப்பு நடத்துவது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கும் ஆசிய தடகள சாம்பியன்ஷிப்புக்கும் இதே வித்தியாசம்தான். தெற்காசிய விளையாட்டுப் போட்டி தனி. பெயரில் மட்டும் 'ஒலிம்பிக்' என்று வைத்துக்கொண்டு தனியார் நடத்துகிற போட்டிகளும் உண்டு. அவற்றுக்கும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பாராலிம்பிக் உடல் குறைபாடு, பார்வைக் குறைபாடு உள்ள வீரர்களுக்கானது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதில் சில பிரிவுகள் உண்டு. டெஃப்லிம்பிக்ஸ் செவித்திறன் குறைந்தவர்களுக்கு. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகவே நடப்பது. மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிடாதீர்கள்.

சுவருக்கு நான்கு பகுதி போதும். முதல் 12 அடி ஒலிம்பிக்குக்கு, ஆளுக்கு 6 அடியாக இரண்டு பத்தி. அடுத்த 4 அடி ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு இரண்டுக்கும். கடைசி 4 அடியில் மேல்பாதி பாராலிம்பிக், கீழ்ப்பாதி நம் வட்டாரத்து வீரர்கள். எல்லாப் போட்டியையும் முழுசாக எழுத ஆசை வரும். ஆசியப் போட்டியில் இந்தியா வென்றதை வரிவரியாக எழுத இந்த மாதிரி பத்துச் சுவர் வேண்டும். ஒலிம்பிக்கை மட்டும் முழுசாக எழுதுங்கள், மற்றவற்றில் தேர்ந்தெடுங்கள்.

ஒலிம்பிக் பத்தி

கோடைக்கால ஒலிம்பிக்கில் 2024 வரை இந்தியாவுக்கு 26 வரி வரும். 1900 பாரிஸ் ஒன்று. 1920 ஆண்ட்வெர்ப் முதல் 2024 பாரிஸ் வரை ஒன்றுகூட விடாமல் 25. 1980-இலும் 1984-இலும் பல நாடுகள் புறக்கணித்தபோதும் இந்தியா போயிருக்கிறது. 1940, 1944 போர் காரணமாக நடக்கவில்லை. அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரியில் 'போட்டி நடைபெறவில்லை' என்று எழுதுங்கள். விட்டுவிட்டால் 1936-க்குப் பிறகு திடீரென்று 1948 எப்படி வந்தது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். பதில் சொல்ல அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

முதல் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. 1900 பாரிஸில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வென்ற நார்மன் பிரிட்சார்ட் கல்கத்தாவில் பிறந்தவர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்த இரண்டு பதக்கத்தையும் இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது. உலகத் தடகள அமைப்பின் புள்ளிவிவரங்களில் அவர் பிரிட்டனைச் சேர்ந்தவர். அதனால்தான் ஒரு புத்தகத்தில் 41 பதக்கம் என்றும் இன்னொன்றில் 39 என்றும் வருகிறது. 2024 முடிய ஒலிம்பிக் கமிட்டி கணக்கில் இந்தியாவுக்குத் தங்கம் 10, வெள்ளி 10, வெண்கலம் 21. மொத்தம் 41. இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, பிரிட்சார்டின் இரண்டு வெள்ளியும் இதில் சேரும் என்று பத்தியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவதால்தான் சண்டை வருகிறது.

1928, 1932, 1936 மூன்றிலும் ஹாக்கித் தங்கம். இந்த வரிகளுக்குப் பக்கத்தில் மூவர்ணக் கொடி வரையாதீர்கள். அப்போது அணி இறங்கியது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின் கீழ். ஆடியவர்கள் பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்தவர்கள். 1948 லண்டன் வரியிலிருந்து கொடியை வரையலாம். வெம்பிளியில் பிரிட்டன் அணியை 4-0 என்று வென்று சுதந்திர இந்தியா எடுத்த முதல் தங்கம் அது. விடுதலை கிடைத்து ஒரு வருடம் ஆகும் முன்னால், ஆண்ட நாட்டின் தலைநகரிலேயே. சுவரில் எந்த வரிக்காவது கொஞ்சம் பெரிய எழுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் இதற்குக் கொடுங்கள்.

ஹாக்கித் தங்கம் மொத்தம் எட்டு: 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980. தொடர்ச்சியாக வென்றது ஆறு. 'தொடர்ந்து எட்டு' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற தப்பு. 1960 ரோமில் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்று வெள்ளி. 1968, 1972-இல் வெண்கலம். 1976 மாண்ட்ரியலில் ஏழாவது இடம். பிறகு 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்றபோது கேப்டன் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அடுத்த ஹாக்கிப் பதக்கம் 41 வருடம் கழித்து டோக்கியோவில் வெண்கலம். பாரிஸில் மறுபடியும் வெண்கலம். ஆக ஹாக்கிக்கு மட்டும் 13.

பெருமைக்காக உண்மையைப் பாதி எழுத வேண்டாம். 1932-இல் அமெரிக்காவை 24-1 என்று வென்றது உண்மை. அந்த வருடம் ஹாக்கியில் மொத்தமே மூன்று அணிகள் என்பதும் உண்மை. 1980-இல் ஆறு அணிகள். இதையும் சேர்த்து எழுதினால் தங்கத்தின் மதிப்புக் குறையாது. படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை கூடும். தியான் சந்த் 1928 ஆம்ஸ்டர்டாமில் 14 கோல் அடித்தார் என்று எழுதலாம். 1936 பெர்லின் இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8-1 என்று வென்றதை எழுதலாம். ஆனால் அந்த எட்டில் அவர் அடித்தது எத்தனை என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபாடு இருக்கிறது. அணியின் எண்ணோடு நிறுத்துங்கள். ஹிட்லர் அவரைக் கூப்பிட்டுப் பதவி கொடுக்க முன்வந்தார் என்ற கதையைச் சுவரில் ஏற்றுகிற அளவுக்கு ஆதாரம் இல்லை.

தனிநபர் பதக்கங்களில் 1952 ஹெல்சின்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே.டி. ஜாதவ்தான் சுதந்திர இந்தியாவின் முதல் ஆள். அடுத்தது 1996 அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ், டென்னிஸ் வெண்கலம். நடுவில் 44 வருடம். 2000 சிட்னியில் 69 கிலோ பிரிவில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். 2004-இல் துப்பாக்கி சுடுதலில் ராஜ்யவர்தன் ரத்தோர் வெள்ளி. 2008-இல் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம்; இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா வென்றது இரண்டாவது தனிநபர் தங்கம்.

டோக்கியோ வரியில் '2020 (நடந்தது 2021)' என்று எழுதுங்கள். போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயரில் 2020தான் இருக்கிறது. ஹாங்சோ ஆசியப் போட்டியும் இதே மாதிரி: பெயர் 2022, நடந்தது 2023. வீரரின் சான்றிதழில் ஒரு வருடமும் நாளிதழ்த் துண்டில் இன்னொரு வருடமும் இருந்தால் இந்தக் காரணமா என்று பாருங்கள்.

2012, 2020, 2024 மூன்றுக்கும் ஒரு வரி போதாது. மூன்று வரி ஒதுக்குங்கள். 2012 லண்டனில் ஆறு பதக்கம். அதில் யோகேஸ்வர் தத்தின் மல்யுத்த வெண்கலம் வெள்ளியாக உயரப் போகிறது என்று 2016-இல் செய்தி வந்தது. உயரவில்லை, வெண்கலம்தான். இணையத்தில் பழைய செய்தியைப் பார்த்து எழுதினால் இந்த மாதிரி இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செய்தியைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை ஒலிம்பிக் கமிட்டியின் இணையதளத்து முடிவுப் பட்டியலில் பாருங்கள்.

பதக்கம் இல்லாத வருடங்களையும் எழுதியே ஆக வேண்டும். 1920, 1924, 1976, 1984, 1988, 1992 ஆறுக்கும் பதக்கக் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில்தான் 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்த பி.டி. உஷாவின் 55.42 விநாடி நிற்க வேண்டும். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. 1956-இல் கால்பந்து அணிக்கு நான்காவது இடம். 1960-இல் மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவது. 2016-இல் ஜிம்னாஸ்டிக்ஸில் தீபா கர்மாகர் நான்காவது. மில்காவின் நேரத்தைச் சில புத்தகங்கள் 45.6 என்கின்றன, சில 45.73 என்கின்றன. முதலாவது கையால் அழுத்துகிற நிறுத்துக் கடிகாரத்தில் எடுத்தது, இரண்டாவது மின்னணுக் கருவியில் எடுத்தது. இரண்டும் சரி. ஒன்றை எழுதி, எந்த முறை என்றும் சேர்த்து எழுதுங்கள்.

குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஒரே வரி போதும்: 1964 இன்ஸ்புரூக்கில் முதல் பங்கேற்பு.

ஆசியப் போட்டியும் காமன்வெல்த்தும்

1951-இல் முதல் ஆசியப் போட்டி நடந்ததே டெல்லியில்தான். இந்தியா 15 தங்கத்தோடு ஜப்பானுக்கு அடுத்து இரண்டாம் இடம். முதல் தங்கம் நீச்சலில், சச்சின் நாக். கால்பந்தில் 1951-இலும் 1962-இலும் தங்கம். 1982-இல் மறுபடியும் டெல்லி, 57 பதக்கம். 1990 பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு ஒரே ஒரு தங்கம். அது கபடி. கபடி பதக்க விளையாட்டாகச் சேர்ந்ததும் அந்த முறைதான். அதிலிருந்து 2014 வரை ஆண்கள் அணி தொடர்ந்து ஏழு தங்கம். 2018-இல் அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலம். ஹாங்சோவில் திரும்பத் தங்கம். பெண்கள் கபடி 2010-இல் சேர்ந்தது. ஊரில் பொங்கலுக்கு இரவெல்லாம் கபடி நடக்கிற இடத்தில் இந்த வரிகளைக் கைக்கு எட்டுகிற உயரத்தில் எழுதுங்கள்.

பதக்க எண்ணிக்கை போட்டி முடிந்த பிறகும் மாறும் என்பதற்கு 2018 ஜகார்த்தா நல்ல உதாரணம். நிறைவு நாளில் இந்தியாவுக்கு 69 பதக்கம், அதில் 15 தங்கம். பின்னாளில் பஹ்ரைன் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து விவகாரத்தில் தடை பெற்றார். கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவின் வெள்ளி தங்கமானது. பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்த அனு ராகவனுக்கு வெண்கலம் கிடைத்தது. கணக்கு 70 ஆயிற்று, தங்கம் 16. ஆகவே மொத்த எண் எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் 'நிறைவு நாளில்' அல்லது 'திருத்தத்துக்குப் பின்' என்று குறியுங்கள். ஹாங்சோவுக்கு நிறைவு நாளில் 107 பதக்கம், தங்கம் 28.

காமன்வெல்த்துக்கு ஐந்து வரி போதும். 1934 லண்டன், முதல் பங்கேற்பு. மல்யுத்தத்தில் ரஷீத் அன்வர் வென்ற வெண்கலம் மட்டும். 1958 கார்டிஃபில் 440 கஜ ஓட்டத்தில் மில்கா சிங்கின் தங்கம். 2010 டெல்லியில் 101 பதக்கம், இரண்டாம் இடம். 2018 கோல்டு கோஸ்ட், 66. 2022 பர்மிங்ஹாம், 61. 1930, 1950, 1962, 1986 நான்கிலும் இந்தியா ஆடவில்லை. 'எல்லாக் காமன்வெல்த்திலும்' என்று எழுதிவிடாதீர்கள்.

பாராலிம்பிக்கும் நம் வட்டாரமும்

1972 ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர் வென்றது இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். 2016 ரியோவில் 4 பதக்கம், டோக்கியோவில் 19, 2024 பாரிஸில் 29. இந்த மூன்று எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாலே போதும், விளக்கம் வேண்டாம்.

அந்த மூன்று போட்டியிலும் பதக்கம் வென்றவர் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு. உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். பாராலிம்பிக் வரியில் பிரிவு எண்ணை விடக் கூடாது. ரியோவில் அவர் தாண்டியது டி42 பிரிவு, பாரிஸில் டி63. பிரிவு எழுதாவிட்டால் ஒரே உயரம் தாண்டுதலில் எப்படிப் பல பேருக்குத் தங்கம் என்று குழப்பம் வரும்.

திருப்பூர் மாவட்டத்தின் தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தாவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். 4×400 தொடர் ஓட்ட அணியிலும் வெள்ளி. ரியோ ஒலிம்பிக்கின் தொடர் ஓட்ட அணியிலும் இருந்தவர். கோவையின் வித்யா ராம்ராஜ் ஹாங்சோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலமும் இரண்டு தொடர் ஓட்டங்களில் வெள்ளியும் வென்றார். அங்கே தகுதிச் சுற்றில் அவர் ஓடிய நேரம் 55.42 விநாடி. உஷா 39 வருடத்துக்கு முன்னால் வைத்த தேசிய சாதனையை நூறில் ஒரு விநாடிகூடப் பிசகாமல் சமன் செய்த ஓட்டம். ஒலிம்பிக் பத்தியில் உஷாவின் வரியிலிருந்து இங்கே வித்யாவின் வரி வரைக்கும் மெல்லிய நீலக் கோடு ஒன்று இழுங்கள். இறுதி ஓட்டத்தில் அவர் நேரம் 55.68, இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

இதற்குக் கீழே உங்கள் ஊர், உங்கள் ஒன்றியம். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து விவரம் கிடைத்தால் மட்டும் ஏற்றுங்கள்: போட்டியின் முழுப் பெயர், நடந்த நகரம், வருடம், பிரிவு, பெற்ற இடம். சான்றிதழின் நகலை வாங்கி, அதை வழங்கிய அமைப்பின் பெயரைப் பாருங்கள். ஃபிளெக்ஸ் பேனர் சான்று ஆகாது. வாழ்த்துச் சொல்கிற அவசரத்தில் 'இந்திய அணி' என்று போட்டிருப்பார்கள், ஆடியது மாநில அணியாக இருக்கும். சான்று கிடைக்காத பெரியவர்களின் பெயரை ஒதுக்கிவிட வேண்டாம். மாநில அளவு, மாவட்ட அளவு என்று தனித் தலைப்புப் போட்டு அங்கே மரியாதையோடு எழுதலாம். இல்லாத பட்டத்தைக் கொடுப்பதைவிட அவர் உண்மையில் ஓடிய ஓட்டத்தை எழுதுவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை. எழுதும் முன் அவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். முதலெழுத்தும் பெயரும் எப்படி எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரைத் தயார் செய்வது

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து சுவர் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். தை பிறந்து பங்குனி முடியும் வரை நல்ல காலம். ஆடிக் காற்றில் புழுதி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். தை மாதத்திலும் காலைப் பனி காயாமல் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். பனி ஈரத்தில் அடித்த எனாமல் மங்கி வெள்ளை படரும். ஒன்பதரை மணிக்கு மேல் தொடங்கலாம்.

தரையிலிருந்து ஒன்றரை அடியை விட்டுவிடுங்கள். அந்த உயரத்துக்குத்தான் ஓதம் ஏறி உப்புப் பூக்கும், மழைத்துளி மண்ணைத் தெறிக்கும். அங்கே வெறும் காவிப் பட்டை அடித்தால் போதும். ஒன்றரை அடியிலிருந்து ஏழரை அடி வரை உங்கள் பலகை. பழைய சுண்ணாம்பை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் பொருக்கு வராத அளவுக்குச் சுரண்டுங்கள். சுண்ணாம்பின் மேலேயே எமல்ஷன் அடித்தால் ஒரு கோடையில் தோலோடு உரிந்து வரும். காரணம் பெயிண்ட் அல்ல, அடியில் இருக்கிற சுண்ணாம்புத் தூள்.

சுவர் 120 சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட்டுக்கு 2 லிட்டர் வாங்குங்கள். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் பிடிக்கும். 4 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் மீதி பின்னால் திருத்தத்துக்கு உதவும். மங்கலான வெள்ளை அல்லது இளம் மஞ்சள் நிறம் நல்லது. தூய வெள்ளை மத்தியான வெயிலில் கண் கூசும், படிக்க முடியாது. எழுத்துக்குக் கறுப்பு எனாமல் அரை லிட்டர், நீலம் 200 மில்லி. தங்க நிறப் பெயிண்ட் வாங்காதீர்கள். உலோகத் தூள் கலந்த அந்த நிறம் வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போய் தங்கமும் வெண்கலமும் ஒன்றாகிவிடும். பதக்கத்துக்கு ஒன்றேகால் இஞ்சு வட்டமாக அடர் மஞ்சள், சாம்பல், செங்காவி மூன்றும் போதும். சாம்பலும் காவியும் தூரத்திலிருந்து மயங்கும் என்பதால் வட்டத்துக்குள் த, வெ, வெண் என்று எழுதிவிடுங்கள். ஒலிம்பிக் வளையங்களை வரைய வேண்டாம். அது ஒலிம்பிக் கமிட்டியின் பதிவு பெற்ற சின்னம்.

எழுத்து

எழுத்தின் உயரம் ஒன்றரை இஞ்சு. பதினைந்து அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். வரிக்கு வரி 3 இஞ்சு வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் பழகிய பெயிண்டர் இரண்டு இஞ்சு போதும் என்பார். தமிழில் மேலே கி, கீ வளைவும் கீழே கு, டூ வாலும் இருப்பதால் இரண்டு இஞ்சில் மேல்வரியின் வால் கீழ்வரியின் வளைவில் முட்டும். ஒலிம்பிக் பகுதிக்கு, மூன்று வரி பிடிக்கிற வருடங்களையும் எதிர்காலத்துக்கு விடுகிற இடத்தையும் சேர்த்து 40 வரி வைத்துக்கொண்டால் பத்திக்கு 20 வரி, 60 இஞ்சு. தலைப்புக்கு 9 இஞ்சு. மூன்று இஞ்சு மிச்சம்; அது அடிக்குறிப்புக்கு.

நீலப்பொடி தொட்ட நூலால் எல்லாக் கோட்டையும் முதலில் அடித்துவிடுங்கள். வருடம், நகரம், விளையாட்டு, பெயர், பதக்கம் என்று ஐந்து கட்டம். பெயிண்டருக்கு வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பாதீர்கள். ஃபோனைப் பார்த்து ஒரு வரி எழுதுவதற்குள் திரை அணைந்துவிடும். திரும்ப எடுக்கும்போது ஒரு வரி தாண்டிவிடும். தாளில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, ஒரு சுவர் வரிக்கு ஒரு தாள் வரி என்று அச்செடுத்துக் கொடுங்கள். எழுதி முடித்த வரியை அவரே டிக் அடிக்கட்டும்.

முதலில் பென்சிலில் முழுவதும் எழுத வேண்டும். பிறகு இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். ஒருவர் தாளைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் சுவரில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் எண்கள் மட்டும். 1956 என்பது 1965 ஆவதும், 45.73 என்பது 47.53 ஆவதும் வாசிக்கிற வேகத்தில் கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னால்தான் பிடிபடும். இரண்டாவது சுற்றில் பெயர்கள், புள்ளி, கால். இரண்டாவது ஆள் விளையாட்டு தெரியாதவராக இருப்பது நல்லது. தெரிந்தவர் சுவரில் இருப்பதைப் படிக்காமல் மனதில் இருப்பதைப் படித்துவிடுவார்.

நிஜ அளவில் மூன்று அடையாளம்

எண்ணைக் கண்ணால் பார்க்கிற மாதிரி மூன்றைச் செய்யலாம். உஷாவின் வரிக்குப் பக்கத்தில் ஏழு சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. 400 மீட்டரை 55.42 விநாடியில் ஓடினால் சராசரி வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். நூறில் ஒரு விநாடிக்கு 7.2 சென்டிமீட்டர். பதக்கம் போனது அந்தத் தூரத்தில். பிள்ளைகள் தங்கள் கட்டைவிரலை வைத்து அளந்து பார்ப்பார்கள். அதனால் கோட்டை நான்கடி உயரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உஷாவின் வரி அதற்கு மேலே அமைந்தால் கோட்டை மட்டும் கீழே இறக்கி ஒரு அம்புக்குறி போடுங்கள்.

மாரியப்பனின் 1.89 மீட்டருக்குச் சுவரின் ஓரத்தில் தரையிலிருந்து அளந்து படுக்கைக் கோடு. பிள்ளை நிற்கிற இடத்தின் தரையிலிருந்து அளக்க வேண்டும், திண்ணையிலிருந்து அல்ல. பின்னாளில் தரைக்கு சிமென்ட் போட்டால் இரண்டு இஞ்சு உயர்ந்துவிடும். அளந்த தேதியைக் கோட்டின் கீழே சின்னதாக எழுதிவைத்தால் யாராவது திரும்ப அளப்பார்கள்.

மூன்றாவது மைதானத்தில். நீரஜ் டோக்கியோவில் எறிந்த 87.58 மீட்டருக்கும் பாரிஸில் எறிந்த 89.45 மீட்டருக்கும் இரண்டு கல். தூரம் குறைந்தது தங்கம், கூடியது வெள்ளி. பாரிஸில் அர்ஷத் நதீம் 92.97 எறிந்தார். 50 மீட்டர் டேப்பால் இரண்டு முறை அளந்து, இரண்டு அளவும் ஒத்துவந்த பிறகு கல்லைப் புதைக்க வேண்டும். டேப் தொய்ந்தால் தூரம் தப்பாகும். நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கல் தரைமட்டத்துக்கு மேலே ஒரு விரல்கூட நீட்டக் கூடாது, ஓடுகிற காலில் இடிக்கும். மைதானம் அவ்வளவு நீளம் இல்லையென்றால் குறுக்கு மூலையில் அளந்து பாருங்கள். அதிலும் வராவிட்டால் இந்த அடையாளத்தை விட்டுவிடலாம். தூரத்தைச் சுருக்கி வைக்காதீர்கள்.

காலி வரிகளும் பதிவேடும்

ஒலிம்பிக் பத்தியில் 2028 லாஸ் ஏஞ்சலஸ், 2032 பிரிஸ்பேன் இரண்டுக்கும் வருடமும் நகரமும் எழுதி மூன்று மூன்று வரி காலியாக விடுங்கள். ஆசியப் பத்தியில் 2026 ஐச்சி-நகோயா. காமன்வெல்த்தில் 2026 கிளாஸ்கோவும், அகமதாபாத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற 2030-உம். நம் வட்டாரப் பகுதியில் குறைந்தது ஆறு வரி வெறுமையாக இருக்கட்டும். போட்டி முடிந்த அன்றைக்கே ஓடிப்போய் எழுதாமல் மூன்று மாதம் பொறுத்து எழுதுங்கள். மேல்முறையீடு, மருந்துச் சோதனை முடிவுகளில் ஒரு பகுதியாவது அதற்குள் வந்துவிடும். வராதவை பின்னால் திருத்தமாகச் சேரட்டும்.

திருத்தம் வரும்போது அந்தக் கட்டத்தை மட்டும் மிச்சம் வைத்த எமல்ஷனால் மூடி, ஒரு நாள் காயவிட்டு எழுத வேண்டும். எமல்ஷன் டப்பாவை மூடி இறுக்கித் தலைகீழாக வைத்தால் ஆடை படியாமல் இருக்கும். சுவரில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எங்கே பார்த்தது, யார் சரிபார்த்தது, எந்தத் தேதி என்று ஒரு நீள நோட்டில் எழுதி, சான்றிதழ் நகல்களோடு உடற்கல்வி ஆசிரியரின் அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆசிரியர் மாறுதலில் போனால் அடுத்து வருகிறவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டிய பொருட்கள் பட்டியலில் ஈட்டி, குண்டு, வட்டோடு அந்த நோட்டையும் சேருங்கள்.